பகலில் சாத்திய கதவு

கதவைச் சாத்திக்கொள். எதிரே உட்கார். குறுக்கே பேசாதே. சொல்வதை அப்படியே எழுது. மனநல ஆலோசனைப் படிப்பில் முதல் வருஷம் முழுக்க நான் கற்றது இந்த நான்குதான் என்று சொன்னால் என் பேராசிரியர் வருத்தப்படுவார். ஆனால் ஆய்வேடு எழுதக் கிளம்பியபோது என் தலையில் மிச்சமிருந்தவை இவைதான். அதில் முதல் பாடத்திலேயே நான் ஒரு குடும்பத்தைக் கிட்டத்தட்டக் குலைத்துவிட்டேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. கொடைக்கானலில் பிறந்து, மிஷன் பள்ளியில் படித்து, முதுகலைக்கு மதுரை போனவள் நான். என்ன படிக்கிறாய் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி மாளாது. மனசுக்கு வைத்தியம் என்றால், "டாக்டருக்கா?" என்பார்கள். ஊசி மருந்தெல்லாம் கிடையாது, பேசியே சரி செய்வது என்றால், "பேசுறதுக்கு ஒரு படிப்பா? அத நாங்க குழாயடியிலேயே முடிச்சிட்டமே" என்று சிரிப்பார்கள். வத்தலக்குண்டில் இருந்த என் அத்தை, மாப்பிள்ளை வீட்டாரிடம் இந்தப் படிப்பைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லியே விட்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அந்த வயதில் எனக்குக் கோபம் வராத நாள் குறைவு.

இரண்டாம் வருஷம் ஆய்வேடு எழுதினால்தான் பட்டம். "நீ மலைக்காரப் பெண். மேல்மலையிலேயே செய்துவிடு. பிள்ளை பெற்ற பெண்களின் மனக்கவலை. பன்னிரண்டு பேரிடம் பேசி எழுதிக்கொண்டு வா. யார் பெயரும் அதில் இருக்கக் கூடாது" என்றார் பேராசிரியர். கொடைக்கானல்காரிக்கு மேல்மலை அத்துப்படி என்று அவர் நினைத்துக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஏரியைச் சுற்றி நடந்து, பேக்கரியில் பன் வாங்கித் தின்று வளர்ந்தவளுக்கு, மன்னவனூர்ப் பக்கமெல்லாம் வேறு தேசம் என்பது அங்கே போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

மன்னவனூரையும் தாண்டி ஒரு சிற்றூரில் என் பள்ளித் தோழி சர்க்கார் நர்ஸாக இருந்தாள். ஊரின் பெயர் வேண்டாம். உருளைக்கிழங்கு ஏற்றப் போன வெறும் லாரியில் பாதி வழியும், நடந்து மீதி வழியுமாக ஒரு தை மாதத்தில் அங்கே போய்ச் சேர்ந்தேன். நாற்பது வீடுகள் இருக்கும். சரிவில் படிப்படியாக வயல், பூண்டும் கிழங்கும். காலையில் புல்லெல்லாம் உறைபனி. என் தோழிக்குக் கொடுத்திருந்தது ஒற்றை அறை. பிரசவம் பார்க்கிற இடமும் அதுதான், அவள் படுக்கிற இடமும் அதுதான். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் ஒரு கடிகாரம். "இதுக்குள்ள உக்காந்து என்னத்தையாவது எழுதித் தொலை" என்றாள். அவளுக்கு என் படிப்பின் மேல் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது.

ஆனால் முதல் ஆளைக் காட்டியவள் அவள்தான். ஓடையில் தண்ணீர் எடுக்க வரும் ஒரு பெண். இருபத்திரண்டு வயது இருக்கலாம். குடம் நிறைந்து வழிந்துகொண்டே இருக்கும், அவள் பார்த்துக்கொண்டே நிற்பாள். பக்கத்தில் இருப்பவர்கள் தோளைத் தட்டினால்தான் தூக்குவாள். ரெண்டு வருஷத்துக்கு முன் அவளுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்து, பத்து நாள் ஆவதற்குள் இறந்துவிட்டது. அதற்கு மூத்த பெண் குழந்தை ஒன்று, நான்கு வயது, இடுப்பை விட்டு இறங்காது. "அவகிட்டப் பேசுடி. எங்கிட்டகூட வாயத் திறக்க மாட்டேங்கிறா" என்றாள் தோழி.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவளைக் கூட்டி வந்து உட்கார வைத்தேன். தோழியை வெளியே அனுப்பினேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். எதிரே உட்கார்ந்தேன். எல்லாம் பாடத்தில் உள்ளபடி.

அரை மணி நேரம் அவள் மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நானும் குறுக்கே பேசவில்லை. பிறகு பேச ஆரம்பித்தாள் பாருங்கள், நிறுத்தவே இல்லை. குழந்தை எப்படிப் பால் குடித்தது, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தது, எந்த நாள் குடிப்பதை நிறுத்தியது, யார் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள், அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒருவர்கூட அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதது, எல்லாம் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள். நான் நான்கு பக்கம் எழுதினேன். கை வலித்தது. உள்ளுக்குள் எனக்கு ஒரே சந்தோஷம். முதல் ஆளே இப்படி அமைந்துவிட்டதே, பேராசிரியர் அசந்துபோவாரே என்று. அவள் அழுதுகொண்டிருந்தபோது நான் சந்தோஷப்பட்டேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது நடந்தது.

கதவைத் திறந்தால் வெளியே பத்துப் பெண்கள் நிற்கிறார்கள். நடுவில் அவளுடைய மாமியார், இடுப்பில் பேத்தி. மருமகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு குழந்தைக்குக் கை நீட்டினாள். மாமியார் குழந்தையைக் கொடுக்காமல் திரும்பி நடந்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாள் வெள்ளனே தண்ணீர் எடுக்கப் போன தோழி வெறுங்குடத்தோடு திரும்பி வந்தாள். "குடியக் கெடுத்துட்டியேடி பாவி!" என்றாள்.

விஷயம் இதுதான். அந்த ஊரில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. என்ன குளிர் அடித்தாலும், பனிமூட்டம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தாலும், கதவு திறந்தே கிடக்கும். பகலில் ஒரு கதவு சாத்தியிருந்தால் இரண்டே காரணம்தான். உள்ளே பிரசவம் நடக்கிறது, இல்லையென்றால் பேய் பிடித்தவருக்கு ஓட்டுகிறார்கள். இவள் கர்ப்பமாக இல்லை என்பது ஊருக்கே தெரியும். போதாததற்கு உள்ளே மதுரையிலிருந்து வந்த ஒருத்தி உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். நர்ஸ் அறையில் பெயர் எழுதினால் ஆளைக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போகிறார்கள் என்று அர்த்தம்; முன்பு அப்படி எழுதி அனுப்பியவர்களில் ஒருவர் திரும்பவில்லை. இரண்டையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் என்ன வரும்? அவளுக்குப் பைத்தியம், சர்க்காரே எழுதிவிட்டது.

"அவ அண்ணன வரச் சொல்லி பக்கத்து மலைப் போளூருக்கு ஆள் போயிருச்சாம். நாளான்னைக்குள்ள வந்து கூட்டிட்டுப் போகணுமாம். பிள்ளைய இங்கேயே விட்டுட்டுப் போகணுமாம்" என்றாள் தோழி.

ஒரு குழந்தையை ஏற்கெனவே மண்ணுக்குக் கொடுத்தவள். இருக்கிற ஒன்றையும் நான் பிடுங்கிக் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள்தான் இருந்தது.

நேராக அந்த வீட்டுக்குப் போனேன். புருஷன்காரன் வாசலில் மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து பின்பக்கம் போய்விட்டான். மாமியார் உள்ளே வரச் சொன்னார். நாற்பத்தைந்து வயது, உலக்கை மாதிரி நிமிர்ந்த உடம்பு. நான் படித்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். இது நோயில்லை, மனசில் ஏறிய பாரம், வெளியே சொன்னால் குறையும், அதற்குத்தான் இந்த வைத்தியம் என்று.

"மனசுக்கு வைத்தியம் பாத்தீங்க, அப்படித்தானே?"

"ஆமா."

"அப்ப நான் நெனச்சது சரிதான். வைத்தியம் பாக்குற அளவுக்கு முத்திப்போச்சு."

என் வாயே எனக்குச் சத்துரு. என்ன சொல்லியும் எடுபடவில்லை. கடைசியில் கைப்பையிலிருந்த அந்த நான்கு பக்கங்களை எடுத்து, அவர் கண் முன்னாலேயே கிழித்து அடுப்பில் போட்டேன். "எழுதினது போச்சு. இனிமே ஒண்ணும் இல்லை" என்றேன். அவர் அடுப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "டீச்சரம்மா, தாள எரிச்சுட்டீங்க. ஊரு வாய எதுல போட்டு எரிப்பீங்க?" என்றார். மருமகள் அடுப்புக்கு அந்தப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். தலை நிமிரவே இல்லை.

அறைக்குத் திரும்பி, தோழியிடம் சண்டை போட்டேன். கதவு விஷயத்தை முன்னாலேயே சொன்னால் என்ன குறைந்து போயிருப்பாய் என்று கத்தினேன். "நீ என்னத்தக் கேட்ட? வந்த, என்னை வெளிய தள்ளின, தாழ்ப்பாளப் போட்ட. மகாராணிக்கு எப்பச் சொல்றது?" என்று அவளும் கத்தினாள். கத்தி முடித்து இரண்டு பேரும் காப்பி குடித்தோம். குடிக்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. ஒருத்தியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால்தானே அவள் பைத்தியம்? ஊரையே ஒவ்வொருத்தராக உள்ளே வைத்துச் சாத்தினால்?

"சாத்தினா, நீ பைத்தியம்னு சொல்வாங்க" என்றாள் தோழி.

"சொல்லட்டுமே. எனக்கென்ன, போளூர்லேருந்து அண்ணனா வரப் போறான்?"

அவள் சிரித்துவிட்டாள். உடனே புறப்பட்டோம். வீடு வீடாக வாசல் ஏறி இறங்கி, பிள்ளை பெற்றவர்கள் எல்லாரிடமும் பேசி எழுதப்போகிறேன், நேற்று ஒருவர் வந்தார், இனி வரிசையாக வர வேண்டும், வர விருப்பமில்லாதவர்கள் வர வேண்டாம் என்று சொன்னேன். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் எல்லாரும் "சோலி கெடக்கு" என்றார்கள். கிழங்கு தரம் பிரிக்கும் காலம். வேலை இருந்தது உண்மைதான். என்னைத் தவிர்த்தார்கள் என்பதும் உண்மைதான். அந்தப் பெண்ணின் வீட்டுக்கு மட்டும் போக எனக்குத் தைரியம் வரவில்லை. அதற்குப் பக்கத்து வீட்டுக்காரி மட்டும், தோழி பார்த்த பிரசவத்தில் பிழைத்தவள், அந்த நன்றிக்காக மறுநாள் காலை வருவதாகச் சொன்னாள்.

நாங்கள் திட்டம் போட்டதெல்லாம் அதோடு சரி. மீதியை நடத்தியது அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் பல வருஷமாக இருந்த போட்டி.

மறுநாள் காலை பக்கத்து வீட்டுக்காரி நல்ல சேலை உடுத்திக்கொண்டு தெருவில் நடந்து வர, பின்னாலேயே இந்த மாமியார் வந்தார். அவளை முந்திக்கொண்டு வாசலில் ஏறினார்.

"நாப்பது வாசல் ஏறுனவங்களுக்கு எங்க வாசல் மட்டும் கண்ணுக்குத் தெரியலையாக்கும்? ஊருக்கு மூத்த குடி நாங்க. இவளுக்குப் பிந்தியா நான் எழுதணும்?"

"வாங்க, நீங்கதான் முதல்" என்றேன்.

உள்ளே வந்தார். தாழ்ப்பாளை அவரே போட்டார், வெளியே கேட்கும்படி. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "வெரசாக் கேளுங்க, அடுப்புல உலை கெடக்கு" என்றார். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அது மட்டும்தான் அன்று நான் செய்த உருப்படியான காரியம்.

அவர் வெளியே போனபோது மத்தியானம் ஆகியிருந்தது. உள்ளே என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத மாட்டேன்; எழுத மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். மருமகளுடைய கதையை மட்டும் சொல்கிறேன், எங்கே வேண்டுமானாலும் சொல்லலாம் என்று அவளே சொன்னதால். நடுவில் ஒருமுறை மாமியார் பேச்சை நிறுத்தி, "இதெல்லாம் கேக்குறதுக்கு ஒரு ஆளு இருக்கும்னு எனக்குத் தெரியாது தாயி" என்றார். எனக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. வெளியே காத்திருந்தவர்கள் என்ன கேட்டார்கள் என்று அவரைச் சூழ்ந்துகொண்டபோது, "பேரக் கேட்டாங்க, ஊரக் கேட்டாங்க. வேறென்ன?" என்று முந்தானையை உதறிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் போளூரிலிருந்து அண்ணன் வந்தான், நடந்து களைத்து, தங்கச்சிக்கு என்ன ஆயிற்றோ என்று முகமெல்லாம் வெளுத்து. நானும் தோழியும் தெருவில் நின்றோம். மாமியார் வாசலுக்கு வந்தார். "வாங்க, வாங்க. தங்கச்சியப் பாத்து நாளாச்சே, ஒரு எட்டு வந்துட்டுப் போங்கன்னுதான் ஆள் அனுப்புனேன்" என்றார், கூசாமல். அவனுக்குக் கோழி அடித்துச் சோறு போட்டார்கள். மறுநாள் காலை ஒரு மூட்டை கிழங்கைத் தலையில் வைத்துக்கொண்டு அவன் தனியாகத் திரும்பிப் போனான். குழந்தை அதன் அம்மா இடுப்பில் இருந்தது. தோழி என் கையைக் கிள்ளினாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

அதற்கப்புறம் வரிசை கட்டினார்கள். மூத்த குடியே போய் எழுதிவிட்டு வந்த பிறகு, போகாமல் இருப்பதுதான் கௌரவக் குறைவு. கேட்கிற வாய்க்கு முந்தி சொல்கிற வாய் வந்து உட்கார்ந்தது. குழந்தை பெறாதவர்கள்கூட வந்தார்கள். ஓர் ஆள், ஆண்பிள்ளை, வந்து எனக்கும் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது என்று நின்றார். அவரையும் உட்கார வைத்தேன். பத்துப் பதினைந்து நாளில் இரண்டு நோட்டு நிறைந்தது. ஓடைப் பெண்ணை மட்டும் நான் மறுபடி கூப்பிடவில்லை. ஒருமுறை கூப்பிட்டுப் பட்டது போதாதா? அவள் நல்லபடியாக இருக்கிறாள், அதைக் கலைக்கக் கூடாது என்று எனக்கு நானே பெரிய மனுஷித்தனமாகச் சொல்லிக்கொண்டேன்.

கிளம்புகிற நாள். விடை சொல்ல, கிழங்குக் கொட்டகைக்குப் போனேன். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, குவியலிலிருந்து பெரியது, நடுத்தரம், பொடி என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் சும்மா நிற்காமல் அவர்களோடு உட்கார்ந்து பொறுக்கினேன். எனக்கு ஒரு பக்கம் ஓடைப் பெண். அவளுக்கு அந்தப் பக்கம் மாமியார். என்னுடைய பொடி எல்லாம் நடுத்தரத்தில் போய் விழுவதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"எல்லாத்தையும் எழுதிட்டீங்களாக்கா?" என்று அவள் கேட்டாள். அவளாக என்னிடம் பேசியது அந்த முதல் நாளுக்குப் பிறகு அதுதான்.

"எழுதிட்டேன்."

"என்னுது?"

எனக்குக் கை நின்றுவிட்டது. "உன்னுதுதான் அன்னைக்கு எரிச்சாச்சே. நீயும் பாத்தியே."

"பாத்தேன்." இரண்டு கிழங்கை எடுத்துப் போட்டாள். "வேற ஒண்ணுல எழுதி வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன். படிச்சவங்க, ரெண்டு எழுதுவீங்கல்ல. எல்லாரோடதும் இருக்கு, எம்பிள்ளையோடது மட்டும் இல்லையா?"

நான் கையிலிருந்த கிழங்கின் மண்ணைத் துடைத்தேன்.

"பேருகூடச் சொன்னேனே அக்கா. பேரு விடுறதுக்கு முன்னாடியே அவன் போயிட்டான். நானா மனசுக்குள்ள வச்சிருந்த பேரு. யாருகிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்டச் சொன்னப்போ எழுதுனீங்க, நான் பாத்தேன். சரி, ஒரு எடத்துல எழுதிக் கெடக்குன்னு இருந்தேன். பேராவது ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. எழுதுகிற கைதான் அதைக் கேட்டிருக்கிறது, நான் கேட்கவில்லை. பேராசிரியர் அசந்துபோவதைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேனே, அப்போதுதான் அவள் சொல்லியிருப்பாள். அதை நினைத்தால் இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு என் மேல் ஆத்திரம் வருகிறது. "இல்லை" என்றேன். பொய் சொல்லவில்லை, அது ஒன்றுதான் மிச்சம்.

அவள் கோபப்படவில்லை. இன்னும் ஒரு கிழங்கை எடுத்துப் பொடியில் போட்டாள். பிறகு அந்தப் பெயரைச் சொன்னாள். மெதுவாகச் சொல்லவில்லை. கதவே இல்லாத கொட்டகையில், பதினைந்து பெண்களுக்கு நடுவில், சாதாரணமாக ஒரு பிள்ளையைக் கூப்பிடுகிற குரலில் சொன்னாள்.

எல்லாருடைய கையும் நின்றது.

மாமியார் அவள் பக்கம் திரும்பினார். "பேரு வச்சிருந்தியா?"

"ம்."

"எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"நீங்க கேக்கலையே அத்தை."

அவர் முகம் கோணிக்கொண்டு போயிற்று. புறங்கையால் மூக்கைத் துடைத்தார். அந்தப் பெயரை அவரும் ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி ஓர் அதட்டுப் போட்டார்.

"என்னத்தா பாத்துக்கிட்டு உக்காந்திருக்க? எழுது!"

நோட்டை எடுத்தேன். விரலெல்லாம் மண். ஒரு புதுப் பக்கத்தில் எழுதினேன். சரியாக எழுதியிருக்கிறேனா என்று வாசித்துக் காட்டச் சொன்னார்கள், வாசித்தேன். அதற்குப் பிறகு அவள், கிழங்கைப் பிரித்துக்கொண்டே, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். இந்தத் தடவை குறுக்கே எல்லாரும் பேசினார்கள், "பால் குடிக்கிறப்போ இடது பக்கந்தான திரும்புவான்?" என்று மாமியாரே எடுத்துக் கொடுத்தார். கிழங்கு லாரி போய்விட்டது. நான் அன்று கிளம்பவில்லை.

மதுரைக்குப் போய் ஆய்வேட்டை அந்தப் பக்கத்திலிருந்துதான் ஆரம்பித்தேன். பேராசிரியர் முதல் தாளிலேயே சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டார். "பெயர் கூடாது என்றேனே. இதை எடுத்துவிடு, ஓர் எண் போடு" என்றார்.

முடியாது சார் என்றேன்.

"ஏன் முடியாது?"

"அந்தக் குழந்தைக்கு இருக்கிறது அது ஒன்றுதான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.